கடனைக் கழித்தால் வரவு

அடுத்த வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். "மைனஸை மைனஸால் பெருக்கினால் எப்படி சார் பிளஸ் வரும்?" என்று வகுப்பில் கேட்டிருக்கிறான். "அது விதி, மனப்பாடம் பண்ணு" என்று பதில் வந்ததாம். கூடவே 'மண்டு' என்று ஒரு பட்டமும் கிடைத்தது. அன்றோடு, தனக்குக் கணக்கு வராது என்று அவனே தீர்மானித்துவிட்டான். இதே கேள்வியைக் கேட்டுப் பெஞ்சு மேல் நின்றவன் நான். எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அவனைப் போலவே விழித்தவர்கள் மகா கெட்டிக்காரர்கள் என்பதையல்லவா அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்! இத்தாலியில் 1545-ல் அல்ஜீப்ராவுக்குப் பெரிய நூல் எழுதிய கார்டானோ, மைனஸாக வந்த விடைகளைப் பொய் விடைகள் என்றார். இங்கிலாந்தில் பிரான்சிஸ் மசெரெஸ், சிறியதிலிருந்து பெரியதைக் கழிப்பதே அபத்தம் என்று வாதாடி 1758-ல் ஒரு புத்தகமே போட்டார்.

இத்தனைக்கும், அதற்கு 1130 வருஷங்களுக்கு முன்பே, 628-ல், நம் பிரம்மகுப்தர் பிளஸைத் தனம் என்றும் மைனஸைக் கடன் என்றும் வைத்து விதி சொல்லிவிட்டார். கடன் என்றால் எந்தக் குழந்தைக்குப் புரியாது? மளிகைக் கடை நோட்டில் நம் பேரில் 5 ரூபாய்க் கடன் மூன்று இருக்கிறது. கடைக்காரர் மனமிரங்கி மூன்றையும் அடித்துவிட்டால் நமக்கு 15 ரூபாய் லாபம். தீர்ந்தது விஷயம்!

"போர்ஷனை முடிக்கவே நேரமில்லை, கதைக்கு எங்கே போவது?" என்பார்கள். இந்தக் கதைக்குப் பத்து நிமிஷம் போதும். புரியாத விதியை வருஷம் முழுவதும் எழுதவைக்க மட்டும் நேரம் இருக்கிறதா?

"புத்தகத்திலேயே சரித்திரம் இருக்கிறதே" என்பார்கள் வேறு சிலர். ஓரத்தில் கட்டம் கட்டி, ஒரு படத்தையும் பிறந்த வருஷத்தையும் போட்டால் அது சமாதிக் கல்வெட்டு. மேதைகளின் வெற்றியை மட்டும் காட்டினால் பையன் கும்பிட்டுவிட்டு விலகிப் போவான். அவர்கள் தடுக்கி விழுந்த இடத்தைக் காட்டுங்கள். பக்கத்தில் வந்து உட்காருவான்.

நேற்று அவனிடம் மசெரெஸ் கதையைச் சொன்னேன்.

"அவரையும் மண்டுன்னு திட்டினாங்களா மாமா?" என்று கேட்டான்.

"இல்லையப்பா. 1771-ல் ராயல் சொஸைட்டியில் அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டார்கள்" என்றேன்.