முகமறியா வாசகருக்கு ஒரு நூல்

புலம்பெயர்ந்து வாழும் தமிழ் மக்களிடையே நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, ஆய்வுரை, ஏற்புரை என நிகழ்ச்சி நிரல் நீளும். முதற்பிரதி பெறுபவர் ஒருவர். சிறப்புப் பிரதி பெறுபவர் முப்பதின்மர். கடித உறையில் இருபது பவுணோ ஐம்பது பவுணோ வைத்து மேடையேறி, படம் எடுத்துக்கொண்டு இறங்குவர். மறுநாள் அந்நூல் ஓர் அலமாரியில் அடைக்கலம் புகும். எஞ்சிய பிரதிகள் நூலாசிரியரின் வீட்டுக் கராஜில் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருக்கும்.

இவ்வழக்கத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. அந்த உறைகள் இல்லையெனில் நல்ல நூல்கள் பல அச்சேறியே இரா. ஆயினும், அந்நூலை எவர் வாசித்தார் என்ற வினா அங்கு எழுவதேயில்லை. வாங்குபவர் நூலாசிரியரின் உறவினர்; ஊரவர்; பழைய மாணவர் சங்கத்தவர். அவர் வாங்குவது உறவையேயன்றி நூலையன்று. முன்பின் அறியாத ஒருவர், தமது பணத்தைக் கொடுத்து, தமது பிள்ளைக்காக வாங்கும் ஒரு பிரதி, மேடையில் வாங்கப்படும் முப்பது பிரதிகளினும் மேலானது என்பதே எமது துணிபு. அத்தகைய பிரதிகள் விற்காதவரை எமது பிள்ளைகளின் தமிழ் வாசிப்பு, பாடநூலின் கடைசிப் பக்கத்துடன் நின்றுவிடும் என அஞ்சுகிறோம்.

இக்கருத்து எமக்கு விழா மண்டபத்திற் பிறந்ததன்று; வீட்டு மேசையிற் பொதி கட்டுகையிற் பிறந்தது. கணவனும் மனைவியுமாகிய நாமிருவரும் இணையத்திற் பொருள் விற்றே நூல் பதிப்புக்கு வந்து சேர்ந்தோம். 2009 அளவில், பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன உடுப்புகளை ஈபேயில் விற்பதில் இவ்வலுவல் தொடங்கிற்று. அடுத்துப் பித்தளைக் குத்துவிளக்குகளை வரவழைத்தோம். விளக்கின் விலையை அதன் நிறை விழுங்கிற்று. தபாற் செலவைக் கேட்டவர்கள் அப்பாற் சென்றனர். பின்னர் தமிழ் எழுத்துப் பொறித்த குவளைகள். அதன் பின்னர் சிறுவருக்கான உயிரெழுத்து அட்டைகள்.

அட்டைகளே எமது போக்கை மாற்றின. அவற்றை வாங்கியோரில் பெரும்பாலோர் தமிழ்ப் பள்ளிகள் நிறைந்த நகரங்களில் வாழ்பவரல்லர். வேல்சில் ஒரு சிற்றூர், நோர்வேயின் வடகரையில் ஒரு துறைமுகம், தமிழரை மணந்த ஆங்கிலப் பெண்மணி ஒருவர், பேரப்பிள்ளைக்கு அனுப்ப விரும்பிய முதியவர் ஒருவர் என அவர்கள் பலதரப்பட்டவர்கள். ஓரிரு மாதங்களில் அவர்களிற் பலரிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: எழுத்துகளைப் பிள்ளை கற்றுவிட்டது, இனி வாசிப்பதற்கு என்ன உண்டு?

இதற்கு விடை கூற முயன்றபோதுதான் குறை எங்கேயென்று புலனாயிற்று. சிறுவர் நூல்கள் தமிழில் இல்லாமலில்லை. சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படநூல்கள் கண்ணுக்கும் கருத்துக்கும் விருந்தானவை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்திலே தமிழ்க் கதைகளை இலவசமாகவே பெறலாம். இவை யாவும் தமிழைக் காதாற் கேட்டு வளரும் பிள்ளையை மனத்திற் கொண்டவை. எமது பிள்ளையின் நிலை வேறு. பதினொரு வயதில் அது ஆங்கிலத்தில் முந்நூறு பக்க நாவலை ஓரிரவில் முடிக்கிறது. தமிழிலோ ஆறு வயதுப் பிள்ளைபோல எழுத்துக்கூட்டுகிறது. அதற்கு 'அம்மா, ஆடு, இலை' நூலைக் கொடுத்தால் அவமானமடைகிறது. வயதுக்கேற்ற தமிழ் நாவலைக் கொடுத்தாலோ இரண்டாம் பக்கத்திற் களைத்துவிடுகிறது. சிந்தனைக்குப் பதினொன்றும் வாசிப்புக்கு ஆறுமாக ஒரு நூல் வேண்டும். களவுபோன சைக்கிளைத் தேடும் துப்பறியும் கதை. ஆனால் ஒரு வசனத்துக்கு ஐந்தாறு சொற்களே. பெரும் பதிப்பகம் ஒன்று இச்சிறு கூட்டத்துக்கென நூல் செய்யுமென எதிர்பார்ப்பது நியாயமாகாது. எனவே நாமே செய்தோம்.

'பதிப்பகத்தார் ஏற்காதபடியால் தாமே அச்சிட்டார்' என்று இதழோரத்தில் நகைப்போர் எம்மிடையே உளர். அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியவை சில உள. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவித் தம் நூல்களைத் தாமே அச்சிட்டார். 1966இல் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழைத் தம் கையிற் சுமந்து யாழ்ப்பாணத்து வீதிகளில் விற்றார். இவற்றைவிட எம்மைப் பெரிதும் ஈர்த்த கதை ஒன்று நாம் வாழும் இதே இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது. அதுவும் ஒரு தம்பதியினரின் கதை, யாழ்ப்பாணத்தோடு தொடர்புடையது.

லெனாட் வூல்ஃப் என்னும் ஆங்கிலேயர் 1904இன் இறுதியில் இலங்கைக்கு நிர்வாகச் சேவை அதிகாரியாக வந்தார். 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றினார். மன்னார்ப் பகுதியில் நடைபெற்ற முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தவர்களில் அவரும் ஒருவர். அம்பாந்தோட்டையிற் கடமையாற்றியபின் 1911இல் நாடு திரும்பி, மறுவருடம் வெர்ஜீனியாவை மணந்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியையாகிய அதே வெர்ஜீனியா வூல்ஃப்தான். அவ்வம்மையார் கடும் மனநோயினின்று தேறிவந்த காலம். கைவேலை ஒன்று அவருக்கு ஆறுதல் தருமெனக் கணவர் எண்ணினார். அச்சுக்கலை கற்கச் சென்றபோது, தொழிற்சங்கப் பயிலுநர்க்கே இடமுண்டு என மறுத்துவிட்டனர். 1917 மார்ச்சில், சிறியதொரு கையச்சு இயந்திரத்தையும் எழுத்துகளையும் பத்தொன்பது பவுண் சொச்சத்துக்கு வாங்கி, ரிச்மண்டிலிருந்த தமது ஹோகார்த் இல்லத்தின் உணவறையில் நிறுத்தினர். கூடவே வந்த சிறு கைநூலே அவர்களுக்கு ஆசான். லெனாட்டின் கைகள் நடுங்கும் இயல்புடையவை. ஆதலால் எழுத்துக் கோர்க்கும் வேலை வெர்ஜீனியாவினுடையதாயிற்று. அச்சுப் பொறியை இயக்குவதும் கணக்கெழுதுவதும் கணவரின் பொறுப்பு.

அவ்வாண்டு யூலையில் வெளிவந்த அவர்களின் முதல் நூலிற் கணவருடைய கதை ஒன்றும் மனைவியுடைய கதை ஒன்றுமாக இரண்டு கதைகள். ஏறத்தாழ 150 பிரதிகள். வாங்கியோர் பெரும்பாலும் நண்பரும் அறிந்தோருமே. நமது சிறப்புப் பிரதி வழக்கத்தின் ஆங்கில வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். 1919இல் வெர்ஜீனியாவின் 'கியூ கார்டன்ஸ்' என்னும் சிறு நூல் வெளிவந்தபோது நிகழ்ந்ததே திருப்பம். பத்திரிகை ஒன்றில் நல்லதொரு மதிப்புரை வந்தது. வெளியூர் சென்றிருந்த தம்பதியினர் வீடு திரும்பிக் கதவைத் திறந்தபோது, முகமறியாதோர் அனுப்பிய கட்டளைக் கடிதங்கள் நடைபாதையெங்கும் சிதறிக் கிடந்தன. கையச்சில் அத்தனையையும் அடிக்க இயலாதாகையால் இரண்டாம் பதிப்பை வெளி அச்சகமொன்றிற் கொடுத்தனர். பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை பதிப்பகமாக உருப்பெற்றது அந்நாளிலேதான் என்போம்.

அதன்பின் வெர்ஜீனியா தம் நாவல்களுக்குப் பிறர் அனுமதியை நாட வேண்டியிருக்கவில்லை. 1922 முதல் அவருடைய நாவல்கள் சொந்தப் பதிப்பகத்திலிருந்தே வெளிவந்தன. இதற்கு முந்திய ஆண்டில் லெனாட் எழுதிய கீழைத்தேயக் கதைகள் மூன்று, 300 பிரதிகளாக அதே வீட்டில் அச்சாயின. அவற்றுள் ஒன்று முத்துக்குளிப்புப் பற்றியது. மற்றொன்று யாழ்ப்பாணத்துப் பிராமணர் இருவரைப் பற்றியது. ரிச்மண்டின் ஓர் உணவறையில் யாழ்ப்பாணத்தின் பெயர் எழுத்தெழுத்தாகக் கோர்க்கப்பட்டது என்பதை எண்ணும்போது எமக்கு இன்றும் ஒரு சிலிர்ப்பு. (மாவட்ட இரயிலில் ரிச்மண்டுக்குச் செல்லும் மாணவர்கள் பரடைஸ் வீதியில் அவ்வீட்டைக் காணலாம்.)

நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் கருவிகள் மாறியுள்ளன. வேலை பெரிதும் மாறவில்லை. இணைய வணிகத்தின் முன்னோடிகளிற் பெயர் பெற்ற அமேசன் முதலில் விற்றதும் புத்தகங்களைத்தான். ஜெஃப் பேசோசும் அவர்தம் மனைவி மக்கென்சியும் 1994இல் சியாட்டிலுக்குக் குடிபெயர, 1995 யூலையில் அக்கடை திறக்கப்பட்டது. புத்தகம் அழுகாது, உடையாது, அளவு மாறிவிட்டதென்று திரும்பி வராது. குத்துவிளக்கு விற்ற எமக்கு இவற்றின் அருமை நன்கு தெரியும். இந்நாட்டு அஞ்சற் சேவையில் 25 மில்லிமீற்றர் தடிப்புக்கும் 750 கிராம் நிறைக்கும் உட்பட்ட பொதி 'பெரிய கடிதம்' என்ற மலிவான கட்டணத்திற் செல்லும். சிறுவர் நூலொன்று அதற்குள் தாராளமாக அடங்கும். நூலின் அளவைத் தீர்மானிக்குமுன் நாம் அளவுகோலோடு தபாற் கட்டண அட்டவணையைப் பார்த்தோம் என்றால், கவிஞர் பெருமக்கள் முகஞ்சுளிக்கக் கூடும். ஆனால் மலிவாய் அனுப்ப இயலாத நூல் நோர்வேயின் வடகரைக்குப் போய்ச் சேராது.

வணிகத்தில் நாம் கற்ற வேறொன்றும் நூலுக்குப் பொருந்திற்று. முகமறியாதவர் உபசாரத்துக்காக 'அருமை' என்று சொல்லமாட்டார். எழுத்து மங்கலாயிருந்தால் எழுதுவார். பிள்ளை வாசிக்க மறுத்தால் அதையும் எழுதுவார். ஆகவே, அச்சுக்கு முந்திய செம்மைப்படுத்தலே நூற் பதிப்பின் முக்காற்பங்கு வேலை என்று கொண்டோம். எம்மவரிற் பலர் இன்னமும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்கின்றனர். அக்கோப்பை யுனிகோடுக்கு மாற்றாமல் மின்னூலில் இட்டால் ஆங்கிலக் குறிகளின் குப்பையே தோன்றும். மாற்றியபின்னும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ரகர றகரமும் லகர ளகர ழகரமும் கணினி பார்த்துத் தருபவையல்ல. கூலி கொடுத்து ஒரு தமிழறிஞரிடம் மெய்ப்புப் பார்ப்பிப்பதை விருந்துச் செலவினும் முதன்மையானதாக வைத்தல் வேண்டும். மண்டபத்துக்கும் சிற்றுண்டிக்கும் ஆயிரம் பவுண் செலவிட்டு, மெய்ப்புக்கு ஒரு சதமும் ஒதுக்காத வெளியீடுகளைக் கண்டு மனம் நொந்திருக்கிறோம்.

நூலுக்கு ஐஎஸ்பிஎன் எண் பெறுதலும் அவசியம். கனடாவில் அது இலவசம். இங்கு பணம் கொடுத்துப் பெற வேண்டும். வெளிவந்து ஒரு மாதத்துக்குள் பிரித்தானிய நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டுமென்பது 2003ஆம் ஆண்டின் சட்டம். இதைச் சுமையெனக் கருதுவோர், தம் தமிழ் நூல் இந்நாட்டின் தேசிய நூலகத்தில் என்றென்றும் பேணப்படுவதையும் எண்ணிப் பார்ப்பார்களாக. மின்னூலாக்குவதோ இன்று எளிது. அமேசனின் கிண்டிலில் 2016 முதல் தமிழ் நூல்களும் இடம்பெறுகின்றன. எனினும், பத்து வயதுப் பிள்ளைக்குத் தாளே சிறந்ததென்பது எமது எண்ணம். ஏற்கெனவே திரையில் வேண்டிய மட்டும் இருக்கிறது.

இனி விலை பற்றி. எமது நூலின் விலை ஆறு பவுண். பள்ளி விழாக்களில் மேசை போட்டிருக்கும்போது, 'தமிழ்ப் புத்தகத்துக்கு ஆறு பவுணோ? தமிழ்ச் சேவைதானே, சும்மா கொடுக்கலாமே!' என்று கேட்கும் பெற்றோர் உண்டு. ஓவியருக்கும் மெய்ப்பாளருக்கும் அச்சகத்தாருக்கும் சேவை என்று சொல்லிக் கூலி மறுக்க எம்மால் இயலாது. ஒரு நூலின் விற்பனையில் அடுத்த நூல் அச்சேற வேண்டும். அன்றேல் அந்த ஆசிரியருக்கு அதுவே கடைசி நூல். வாங்க வசதியற்ற குடும்பங்களுக்காகப் பள்ளி நூலகம் இருக்கிறது. ஆகவே, சிறப்புப் பிரதிக்கு ஐம்பது பவுண் கொடுக்கும் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம்: அவ்வுறையோடு ஒரு பிரதியைப் பெற்றுச் செல்லாது, அத்தொகைக்கு எட்டுப் பிரதிகளைப் பெற்று எட்டு வகுப்பறைகளில் வையுங்கள். படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எமக்கு மறுப்பில்லை.

மாணவச் செல்வங்களிடமும் ஓர் உதவியை நாடினோம். எமது அடுத்த நூலின் படியை இப்பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவர் அறுவரிடம் கொடுத்து, விளங்காத சொற்களின் கீழே கோடிடுமாறு கேட்டோம். முதல் அத்தியாயத்தில் நாற்பத்தொரு கோடுகள். இரண்டாவதில் இருபத்தாறு. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒன்றுகூட இல்லை. யாவும் விளங்கிற்றா என்று வியந்து வினவினோம். 'இல்லை, சைக்கிளை ஆர் எடுத்ததெண்டு பார்க்க ஓடினனாங்கள், கோடு போட மறந்திட்டம்' என்றனர். முதலிரு அத்தியாயங்களையும் இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம். ஐந்தாவதைத் தொடுவதாயில்லை.