பெல்காச்சியா: அடுத்த குப்பைமேடு யார் தலையில்?

2025 மார்ச் மூன்றாம் வாரத்தில், ஹவுரா நகரின் வடபகுதியில் பெல்காச்சியா குப்பைக் கிடங்கையொட்டிய நிலம் உள்வாங்கியது. சாலைகள் பிளந்தன; வீட்டுச் சுவர்கள் வெடித்தன; பூமிக்கடியில் சென்ற பிரதானக் குடிநீர்க் குழாய் உடைந்தது. நகரின் பெரும்பகுதி மக்கள் நாள்கணக்கில் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றனர். குழாய் உடைந்ததனால்தான் மாநிலமே இதைப் பேசியது. அது தப்பியிருந்தால், கிடங்கின் ஓரத்தில் வாழ்வோரின் வீடுகள் சரிந்தது செய்தியாகியிருக்குமா என்பது ஐயமே.

இத்தகைய இடத்தை வங்காளிகள் 'பாகாட்' என்பார்கள். செத்த கால்நடைகளை எறியும் இடம் என்பது அச்சொல்லின் பொருள். அங்கேதான் குப்பை சேகரித்துப் பிழைப்போரும் துப்புரவுத் தொழிலாளரும் அன்றாடக் கூலிகளும் குடியிருக்கிறார்கள்.

இது இயற்கைப் பேரிடர் அல்ல. ஹூக்ளிக் கரையின் வண்டல் மண் மென்மையானது. அதன்மீது, அடியில் தடுப்புப் படுகையோ கழிவுநீர் வடிகாலோ இன்றி, பல பத்தாண்டுகளாகக் குப்பையை மலையாகக் குவித்தால் என்ன நேரும் என்பதைப் பொறியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். 2017 ஏப்ரலில் கொழும்பின் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. அதற்குப் பிறகும் பெல்காச்சியாவில் லாரிகள் நிற்கவில்லை. திட, திரவக் கழிவு மேலாண்மையில் தவறியதற்காக, 2022 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மேற்கு வங்க அரசுக்கு 3,500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அதன் பின்னரும் நிற்கவில்லை.

யாரிடம் கேட்பது? ஹவுரா மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். 2018 இறுதியில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அன்று முதல் நியமன நிர்வாகிகளின் ஆட்சிதான். வார்டு மக்கள் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத நகரில், மாநில அரசு பொறுப்பை மேலும் கீழும் தள்ளிவிடுவது எளிது.

சரிவுக்குப் பின் ஹவுராவின் குப்பை ஆற்றைக் கடந்து கொல்கத்தாவின் தாபாவுக்குத் திருப்பப்பட்டது. தாபாவோ ராம்சார் பட்டியலிலுள்ள கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலத்தின் ஓரம். ஏற்கெனவே நிரம்பி வழிவது. எனவே புதிய கிடங்குக்கு நிலம் தேடும் பேச்சு எழுவது இயல்பே. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கிடங்கு குடியிருப்பிலிருந்து 200 மீட்டரும் ஆற்றிலிருந்து 100 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்றன. நெருக்கமான ஹவுராவில் அத்தகைய நிலம் நகருக்குள் ஏது? கிராமப்புற ஏழைகளின் வயலும் குளமும்தான் அதிகாரிகளின் கண்ணில் படும். 'இங்கிருந்து அகற்று' என்பதோடு நம் முழக்கம் நின்றுவிட்டால், வேறொரு ஏழையின் வாசலில் கொட்டுவதற்கு நாமும் சம்மதித்தவர்களாவோம். கொடுங்கையூரில் எரியுலைக்கு எதிராகப் போராடும் வடசென்னை மக்களுக்கு இது புரியும்.

கேரளத்தின் ஆலப்புழை வேறு வழியில் சென்றது. சர்வோதயபுரம் மக்கள் குப்பை லாரிகளை மறித்தபின், 2012 முதல் அந்நகரம் மக்கும் குப்பையை வீட்டிலும் வார்டிலுமே உரமாக்கத் தொடங்கியது. ஹவுரா அதைவிடப் பன்மடங்கு பெரியது. அப்படியே பெயர்த்து நட முடியாது. ஆயினும் ஈரக்குப்பை கிடங்குக்கே வராவிட்டால் மலையின் பெரும்பகுதி எழாது. மீத்தேன் வாயுவும் நச்சுநீரும் பிறப்பது அதிலிருந்துதான்.

பழைய மேட்டை அகழ்ந்து பிரிக்கும் ஒப்பந்தங்கள் தனியார் நிறுவனங்களுக்குப் போகும்போது, அதே மேட்டில் இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி வாழ்ந்தவர்கள் வேலியின் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். குப்பை சேகரிப்போரை முறைப்படி இணைக்கவேண்டும் என்று 2016 விதிகளே கூறின. வீடிழந்தோருக்கு அதே வட்டாரத்தில் நிரந்தர வீடு, சேகரிப்போருக்கு மாநகராட்சி அடையாள அட்டையும் ஊதியமும், காலம் கடந்துவிட்ட மாநகராட்சித் தேர்தல் – இவற்றுக்குப் பதில் வராமல் புதிய கிடங்குக்கு ஒரு பிடி நிலமும் அளக்கவிடக் கூடாது.