டிக்கியில் ஒரு வீணை

தஞ்சாவூரில் செய்து முடித்த வீணை சென்னைக்கோ கோவைக்கோ பெங்களூருக்கோ எப்படிப் போய்ச் சேர்கிறது? வாங்குகிறவர் நேரில் வந்து காரில் எடுத்துப் போகாவிட்டால், அநேகமாக இரவுப் பேருந்தின் டிக்கியில்தான். துணி மூட்டைக்கும் மோட்டார் உதிரிபாகப் பெட்டிக்கும் நடுவே நான்கு அடிக்கு மேல் நீளமான ஒரு பெட்டி. அதன்மேல் 'வீணை, கவனம்' என்று மையால் எழுதியிருக்கும். மாலையில் ஏற்றினால் விடியற்காலையில் மறுமுனையில் இறங்கிவிடும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற ஒரு கருவி ஊர் விட்டு ஊர் போக நாம் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இவ்வளவுதான்.

என் தங்கைக்கு வாங்கிய வீணையும் அப்படித்தான் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தபோது, குடமும் தண்டியும் சேரும் இடத்தில் நகத்தால் கீறியதுபோல் ஒரு விரிசல். பார்சல் அலுவலகத்துக்குத் திரும்ப எடுத்துப் போனோம். அங்கே இருந்தவர் ரசீதைத் திருப்பிக் காட்டினார். உடையும் பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. கோபத்தோடு, வீணையைச் செய்த ஆசாரிக்குப் போன் செய்து, இனிமேல் கூரியரிலேயே அனுப்புங்கள் என்றேன். "வேணாம் தம்பி. பஸ்ல ஒரு தடவை ஏத்துறான், ஒரு தடவை இறக்குறான். கூரியர்ல எத்தனை கை மாறும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

அன்று அதைச் சமாதானப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். யோசிக்க யோசிக்க, பெரிய இசைக்கருவிகளின் போக்குவரத்தில் அடிப்படையான கணக்கே அதுதான் என்று தோன்றுகிறது. கருவி தூரத்தால் உடைவதில்லை, கை மாறுவதால் உடைகிறது. கூரியரில் போகும் பெட்டி உள்ளூர் அலுவலகத்தில் ஒருமுறை, மாவட்டக் கிடங்கில் ஒருமுறை, பெருநகரப் பிரிப்பகத்தில் ஒருமுறை, கடைசியில் வீட்டு விநியோக வண்டியில் ஒருமுறை என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் அதன்மேல் வேறு பெட்டி விழலாம், தலைகீழாக நிற்கலாம். அதைத் தூக்குகிற யாருக்கும் அடுத்து தூக்கப் போகிறவரைத் தெரியாது. பேருந்தில் அப்படியில்லை. ஆசாரியோ அவர் மகனோ பெட்டியோடு போய், தம் கண்ணெதிரே டிக்கியில் வைத்துவிட்டு வருகிறார். ஓட்டுநரின் போன் நம்பர் வாங்குபவருக்கு வந்துவிடுகிறது. மறுநாள் காலை இறங்குமிடத்தில் இவர் காத்து நிற்கிறார். இடையில் ஒரே வண்டி, ஒரே இரவு. தஞ்சாவூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 340 கிலோமீட்டர். மின்னணுத் தடமறிதல் எதுவும் தராத ஒரு நிச்சயம் இதில் இருக்கிறது.

ஆனால் அந்த ஒரு இரவுக்குள் கருவிக்கு என்ன நேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வீணை பலா மரத்தில் செய்யப்படுகிறது. ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் ஏகாண்ட வீணை. குடம், தண்டி, யாளி முகம் என்று தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. சந்தையில் அதிகம் விற்பது இரண்டாவது வகை. அதன் பலவீனம் அந்தப் பொருத்துகளில் இருக்கிறது. ஒரு பக்கம் கனமான குடம், மறுபக்கம் வெளியே நீண்ட யாளிக் கழுத்து. நடுவில் தாங்கல் இல்லாமல் பெட்டியில் கிடந்தால், சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் பொருத்தை நெம்பிக்கொண்டே இருக்கும். பேருந்தின் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில்தான் தூக்கிப்போடுதல் மிக அதிகம். கடைசி வரிசை இருக்கையில் உட்கார்ந்து ஊருக்குப் போன யாருக்கும் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனபோது, மாற்றுப் பாதைகளில் இந்த வீணைகள் பட்ட பாட்டை எந்தத் திட்ட அறிக்கையும் கணக்கில் எடுத்திருக்காது.

குலுக்கலைவிட மோசமான எதிரி சூடு. வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்பட்டவை அல்ல, கறுத்த மெழுகில் பதிக்கப்பட்டவை. கிடார்க்காரர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு, மயிரிழை தள்ளி, நகர்த்தி, சுருதிக்கு நிறுத்துவதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். அது தனி வித்தை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் கிடைப்பதில்லை. இன்றைய சொகுசுப் பேருந்துகள் பலவற்றில் எஞ்சின் பின்னால் இருக்கிறது. அதை ஒட்டிய டிக்கி அறையில், சித்திரை வைகாசியில், இரவெல்லாம் அனலடிக்கும். மெழுகு இளகினால் மெட்டு சாயும். பெட்டிக்கு வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, வீணை மட்டும் சுருதி தப்பி நிற்கும். இந்தச் சேதத்தை எந்தப் பார்சல் அலுவலகத்திலும் நிரூபிக்க முடியாது. வாங்கியவர் இன்னொரு ஆசாரியைத் தேடிப் போக வேண்டும், அல்லது வீணை மறுபடியும் அதே பேருந்தில் தஞ்சாவூருக்கு ஏற வேண்டும்.

தந்திகளை அரைச் சுற்றுத் தளர்த்துவது, யாளிப் பக்கம் மாட்டியிருக்கும் சுரைக்காயைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைப்பது, மெட்டுக்கும் தந்திக்கும் நடுவே துணியையோ பஞ்சையோ செருகுவது, யாளிக் கழுத்துக்கு அடியில் முட்டுக் கொடுப்பது என்று அனுப்புகிறவர்கள் தெரிந்தவரை செய்கிறார்கள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள அறையில் வையுங்கள், எஞ்சின் பக்கம் வேண்டாம் என்று கிளீனரிடம் சொல்லிவிட்டும் வருகிறார்கள். நல்ல கிளீனர் கேட்டுக்கொள்வார். ஆனால் விஜயதசமியன்று பிள்ளைகளைப் பாட்டில் சேர்க்கப் புது வீணை கேட்டு ஆர்டர்கள் குவியும் அதே வாரங்களில்தான் தீபாவளித் துணி மூட்டைகளும் டிக்கிகளை நிறைக்கின்றன. அப்போது அவர் நினைத்தாலும் வீணைக்குத் தனி இடம் தர முடியாது.

இங்கேதான் கட்டணத்தின் தர்க்கம் குறுக்கே வருகிறது. பார்சல் கட்டணம் எடையையும் இடத்தையும் பார்த்துப் போடப்படுகிறது. வீணையின் எடை சுமார் எட்டுக் கிலோ. அந்தக் கணக்கில் அது ஒரு சின்னச் சரக்கு. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் 2011-ஆம் ஆண்டின் விதிகளும் சொல்வதைப் பாருங்கள்: பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ, சரக்கு எடுத்துச் செல்பவரின் பொறுப்பு அவர் வாங்கிய கட்டணத்தின் பத்து மடங்குக்குள் அடங்கிவிடும். நாற்பதாயிரம் ரூபாய் வீணைக்கு ஐந்நூறு ரூபாய் பார்சல் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். நொறுங்கிப் போனாலும் அதிகபட்சம் ஐயாயிரம்தான். இரும்புக் குழாய்க்கும் சிமென்ட் மூட்டைக்கும் ஓரளவு பொருந்தும் இந்தக் கணக்கு, எடை குறைந்து உழைப்பு நிறைந்த ஒரு பொருளுக்கு அப்பட்டமான அநீதி.

அதே சட்டத்தில் வழியும் இருக்கிறது. பொருளின் மதிப்பை அறிவித்து, கூடுதல் இடர்க் கட்டணம் செலுத்த முன்வந்தால் அந்த வரம்பு பொருந்தாது. சேதத்துக்குக் காரணம் அலட்சியம்தான் என்று அனுப்பியவர் நிரூபிக்கத் தேவையில்லை என்றும் சட்டம் சொல்கிறது. பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் ஒன்றைக்கூட எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. ரசீதில் மதிப்பு என்ற கட்டம் இருந்தது, அதில் ஒரு கோடு கிழித்திருந்தார்கள்.

அந்தக் கோட்டை அனுப்புகிறவர்களும் விரும்பியே போடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முழு மதிப்பை எழுதினால் வரி கேட்பார்களோ, வழியில் நிறுத்துவார்களோ என்ற பயம். கையால் செய்த உள்நாட்டு இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. அந்தப் பட்டியலில் வீணையும் உண்டு. ஆகவே இந்தப் பயம் வீண். ஆனால் அதைப் போக்க வேண்டிய பொறுப்பு கைவினைத் துறைக்கும் பார்சல் எடுப்பவர்களுக்கும் இருக்கிறது, பட்டறையில் தனியாளாக உட்கார்ந்து மரம் குடைகிறவருக்கு அல்ல.

ஆம்னி பேருந்துகளில் சரக்கு ஏற்றுவதே சரிதானா என்ற கேள்வி இன்னொரு பக்கம் இருக்கிறது. 2025 அக்டோபரில் கர்னூல் அருகே பேருந்து எரிந்தபோது, சரக்காக ஏற்றப்பட்டிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட கைபேசிகளின் பேட்டரிகள் தீயை மேலும் கடுமையாக்கின என்று செய்திகள் வந்தன. பயணிகள் உறங்கும் வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாத நிலை தொடரக் கூடாது. கட்டுப்பாடு வரட்டும், வர வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பார்சலையும் தடுத்தால், ஒழுங்கான வேறு வழியில்லாத பொருள்களே முதலில் நின்றுபோகும். கைபேசிக்கு நூறு வழிகள் உண்டு, தம்புராவுக்கு இல்லை.

பேருந்துச் சரக்கு நின்றால் என்ன ஆகும் என்பதைக் கனடா காட்டியது. அங்கே கிரேஹவுண்ட் பேருந்துகள் பயணிகளோடு சேர்த்துச் சின்ன ஊர்களுக்குப் பார்சலும் கொண்டுபோயின. 2018 அக்டோபர் இறுதியில் மேற்கு மாகாணங்களில் அந்தச் சேவை நின்றது. 2021 மே மாதம் நாடு முழுவதும் மூடப்பட்டது. பெரிய நகரங்கள் சமாளித்துக்கொண்டன. வேறு பொதுப் போக்குவரத்தே இல்லாத ஊர்களில் பயணமும் சரக்கும் ஒரே நாளில் அறுந்தன. அமெரிக்காவிலோ, விமானங்களைப் பொறுத்தவரை, இசைக்கருவிக்கென்றே 2012-இல் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். சிறிய கருவியைக் கைப்பையாக ஏற்க வேண்டும், பெரியதைக் கூடுதல் டிக்கெட் வாங்கி இருக்கையில் வைக்க விட வேண்டும், 165 பவுண்டு எடைவரை சரக்கறையில் ஏற்க வேண்டும் என்று எழுதினார்கள். இசைக்கருவி வெறும் சுமை இல்லை என்று ஒரு நாட்டின் சட்டமே ஏற்றுக்கொண்டதைத்தான் நான் இதில் முக்கியமாகப் பார்க்கிறேன்.

நம் ஊரில் அந்த ஒப்புதல் இன்னும் வரவில்லை. 2023-இல் நெல்லையில் பறைகளோடு அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு கல்லூரி மாணவி நடுவழியில் இறக்கிவிடப்பட்ட செய்தியைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது பார்சல் விவகாரம் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. அங்கே பறை 'லக்கேஜ்' ஆனது, இங்கே வீணை 'எட்டுக் கிலோ' ஆகிறது. பறைக்கு நேர்ந்த அவமதிப்புக்குப் பின்னால் சாதியின் நீண்ட வரலாறும் இருக்கிறது. வீணைக்கு அந்தச் சுமை இல்லை. அதனால்தான் வீணைக்காகக் கேட்கும் எந்த ஏற்பாடும் பறைக்கும் தவிலுக்கும் உறுமிக்கும் சேர்த்தே கேட்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது சபாக்களின் சலுகையாகச் சுருங்கிப் போகும்.

அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் 2022 ஆகஸ்டு முதல் தன் பேருந்துகளின் சரக்குப் பெட்டிகளை வாடகைக்கு விடுகிறது. தெலங்கானாவும் கர்நாடகமும் அதற்கு முன்பே அரசுப் பேருந்துகளில் சரக்குச் சேவை தொடங்கிவிட்டன. கட்டமைப்பு இருக்கிறது. புரட்டாசி, ஐப்பசி, மார்கழி மாதங்களில் தஞ்சாவூரிலிருந்து கிளம்பும் ஒன்றிரண்டு இரவு வண்டிகளில், சக்கரங்களுக்கு நடுவே உள்ள ஓர் அறையை இசைக்கருவிகளுக்கென்று ஒதுக்கினால் கழகத்துக்குப் பெரிய நட்டம் வராது. பூம்புகார் போன்ற கைவினை நிறுவனம் நூறு நல்ல ஃபைபர் பெட்டிகளைச் செய்து, முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் கொடுத்துத் திருப்பி வாங்கலாம். இன்று ஒவ்வொரு ஆசாரியும் கிடைத்த அட்டையையும் தெர்மாகோலையும் வைத்துத்தான் கட்டுகிறார். மறுமுனையில் அது அன்றே குப்பைக்குப் போகிறது. மதிப்புக் கட்டத்தை நிரப்பாமல் இசைக்கருவியைப் பதிவு செய்யக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போட எந்தச் செலவும் இல்லை.

இத்தனையும் தனியார் அலுவலகங்களிலும் நடந்தால்தான் முழுப் பயன். பெரும்பாலான வீணைகள் போவது அவர்கள் வண்டிகளில்தான். அவர்களை விரட்டுவது என் நோக்கம் அல்ல. எங்கள் வீணையை இறக்கிக் கொடுத்த கிளீனர் அதைக் கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்தித்தான் கொடுத்தார். விரிசல் அவர் கையில் விழுந்ததல்ல. அவருக்கு முன்னாலேயே, தவறான அறையில், முட்டுக் கொடுக்காத ஒரு கழுத்தில் அது விழுந்துவிட்டது.

ஆசாரி அந்த வீணையைத் திருப்பி அனுப்பச் சொன்னார். வஜ்ஜிரப் பசை வைத்துப் பொருத்தைக் கெட்டிப்படுத்தி, மேளம் புதிதாகக் கட்டி, இருபது நாளில் மறுபடியும் அதே பேருந்தில் ஏற்றினார். கூலி வாங்கவில்லை. இந்த முறை ரசீதில் மதிப்பை முழுதாக எழுதி வாங்கியிருந்தார். விடியற்காலை ஐந்தரைக்குப் பார்சல் அலுவலகத்துக்கு என் தங்கையும் கூட வந்தாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கேயே பெட்டியைத் திறந்து, தளர்ந்திருந்த சாரணித் தந்தியைப் பிரடையில் முறுக்கி, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு மெட்டாக மீட்டிப் பார்த்தாள். 24 மெட்டும் முடியும்வரை கவுன்டரில் இருந்தவர் பேனாவை நீட்டாமல் காத்திருந்தார்.