சின்னத் திருத்தத்துக்கு ஏன் இத்தனை பயம்?

"நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதை ஏன் நோண்டணும்?" அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டிய எவருக்கும் இந்தக் கேள்வி மனப்பாடம். பல நேரங்களில் அது அனுபவசாலியின் பேச்சுதான். ஆனால் கணினித் தரவுத்தளம் வைத்திருப்பவர்கள், சின்னப் பதிப்பு வெளியாகும் போதெல்லாம் இதையே சொல்லித் தள்ளிப்போடுவது அனுபவமல்ல, சோம்பல். இது என் கட்சி.

"உனக்கும் கணினிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நண்பர்கள் கேட்கலாம். என் பேத்தி ஒரு நிறுவனத்தில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள சர்வரைப் பார்த்துக்கொள்கிறாள். "தாத்தா, அஞ்சு நிமிஷம் நிறுத்தினா போதும், ஒரு வருஷமா பர்மிஷன் தரமாட்டேங்கிறாங்க" என்று அவள் புலம்பியபோது, விஷயம் எனக்கு உடனே பிடிபட்டது. நான் பார்த்த வேலையும் இதேதான், கொஞ்சம் தூசியோடு.

முதல் சிக்கல் சொல்லில் இருக்கிறது. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'அப்கிரேட்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். எங்கள் காலத்துப் புதுவையில் பிரெஞ்சில் படித்தவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அந்த மொழியில் 'மீஸ் அ ழூர்' என்றால் இன்றைய தேதிக்குக் கொண்டுவருவது. 'மீஸ் அ நிவோ' என்றால் மேல்படிக்கு ஏற்றுவது. முன்னது பராமரிப்பு, பின்னது மாற்றம். போஸ்ட்கிரெஸில் 16-லிருந்து 17-க்குப் போவது இரண்டாவது வகை. 17.1-லிருந்து 17.2-க்குப் போவது முதல் வகை. புள்ளிக்கு முன்னால் உள்ள எண் மாறினால் பெரிய வேலை, பின்னால் உள்ளது மாறினால் சின்ன வேலை. 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து கணக்கு இவ்வளவு எளிது.

பெரிய வேலையில், தரவை வட்டில் எழுதிவைக்கும் முறையே மாறக்கூடும். எல்லாவற்றையும் புதிய வீட்டுக்குக் குடிபெயர்க்க வேண்டும். சின்ன வேலையில் அந்த முறை மாறுவதில்லை. சர்வரை நிறுத்தி, நிரல்களை மட்டும் மாற்றி, மறுபடி கிளப்பினால் முடிந்தது. புதிய வசதி எதுவும் அதில் இருக்காது. பிழைகளுக்கும் பாதுகாப்பு ஓட்டைகளுக்குமான திருத்தம் மட்டுமே இருக்கும். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாவது வியாழக்கிழமையில் வெளியிடுவது அவர்கள் வழக்கம். ஆக, திடீரென்று வந்து நிற்கும் விருந்தாளியும் அல்ல.

நம் அலுவலகங்களில் விதிப் புத்தகங்களுக்குக் கரெக்‌ஷன் ஸ்லிப் வரும், நினைவிருக்கிறதா? எண்ணும் தேதியும் போட்ட சின்னத் தாள். உரிய பக்கத்தில் கோந்து தடவி ஒட்ட வேண்டும். புதுப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. நான் மாற்றலாகிப் போன ஒரு பிரிவில் இந்தச் சீட்டுகளெல்லாம் நூல் கட்டி பீரோ மேல் கிடந்தன. புத்தகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அந்தப் பளிச்சென்ற புத்தகத்தைப் பார்த்துத்தான் ஓர் அம்மாளுக்குக் குடும்ப ஓய்வூதியம் பழைய விதிப்படி போட்டிருந்தார்கள். எட்டு மாதம் குறைவாகவே வாங்கியிருந்தார். அலுவலகத்தில் யாருக்கும் தப்பு தெரியவில்லை. வாங்கிய அவருக்கும் தெரியவில்லை. எல்லாம் "நல்லா ஓடிக்கிட்டுத்தான்" இருந்தது.

தரவுத்தளத்திலும் இப்படி ஓசையில்லாத பிழை வரும் என்பதற்கு 2022-இல் ஓர் உதாரணம் உண்டு. 14-ஆம் பதிப்பில், ஆட்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே அட்டவணைக்குச் சுட்டு தயாரிக்கும் கட்டளையில் ஒரு குறை. சுட்டு என்பது நம் பதிவேட்டின் பின்னால் வைக்கும் பெயர் வரிசை மாதிரி. பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும். பெயர் வரிசையில் விட்டுப்போயிருக்கும். குமாஸ்தா பெயர் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு, "உங்க பேர் இல்லீங்களே" என்று திருப்பி அனுப்புவார். பொய் சொல்லவில்லை, அவர் கண்ணுக்கு இல்லை. இந்தக் குறைக்காகவே, வழக்கமான தேதிக்குக் காத்திராமல், அந்த ஆண்டு ஜூன் 16 அன்று 14.4 வெளியிட்டார்கள். ஏற்கெனவே அந்தக் கட்டளையால் உண்டான சுட்டுகளை மறுபடி கட்ட வேண்டியும் இருந்தது. சீட்டை ஒட்டினால் மட்டும் போதாது, அதில் எழுதியிருப்பதைப் படிக்கவும் வேண்டும்.

எதிர்க்கட்சி வாதமும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். திருத்தமே தப்பாகப் போவதுண்டு. 2024 நவம்பர் 14 அன்று 17.1 வந்ததும், அதற்கு முன்பு தயாரிக்கப்பட்ட சில துணை நிரல்கள் அதோடு ஒத்துப்போகவில்லை. ஒரே வாரத்தில், 21-ஆம் தேதி, 17.2 கொடுத்துச் சரிசெய்தார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், ஒரு வாரம் பொறுக்கலாம் என்பது. ஒரு வருடம் பொறுக்கலாம் என்பதல்ல. தயாரித்தவர்களே, சின்னப் பதிப்புக்கு மாறுவதைவிட மாறாமல் இருப்பதே அதிக ஆபத்து என்கிறார்கள்.

முறை என்று பார்த்தால் பழைய தலைமை எழுத்தர் வகுத்ததுபோலத்தான் இருக்கிறது. முதலில் காப்பு நகல், அதை மீட்டுப் பார்த்துச் சரிபார்த்த நகலாக. பிறகு வெளியீட்டுக் குறிப்பைப் படிப்பது. நடுவில் நாலு பதிப்பை விட்டிருந்தால் நேரே கடைசிக்குப் போகலாம், ஆனால் நாலு குறிப்பையும் படிக்க வேண்டும். பரிசோதனைக் கணினியில் ஒருமுறை ஒத்திகை. துணை சர்வர் இருந்தால் அதை முதலில் மாற்றி, முதன்மை சர்வரைப் பிறகு மாற்றுவது. எல்லாம் முடிந்தபின் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பார்த்துத் தேதியோடு குறித்துவைப்பது.

இதற்கெல்லாம் மேலதிகாரி தர வேண்டியது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில நிமிடங்கள். ஓய்வூதியமும் ரேஷனும் நிலப்பட்டாவும் இன்று ஏதோ ஒரு தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. அந்தச் சில நிமிடங்களை மிச்சம்பிடிக்கிறவருக்கு ஒன்றும் ஆகாது. தன் பெயர் பதிவேட்டில் இருந்தும் "இல்லை" என்று கேட்டுவிட்டு, வெயிலில் வீடு திரும்புகிறவர் வேறு யாரோ.