மைதானம் மீட்ட சிற்றேடு

இங்கிலாந்திலே உதைபந்தாட்டக் கழகங்கள் தம் மைதானத்தை எண்ணியவாறு விற்றல் கூடாது. சுயாதீன ஒழுங்காளரின் இசைவு வேண்டும். ஆர்வலர் கருத்தையுங் கேட்டல் வேண்டும். இது 2025 இல் நிறைவேறிய சட்டத்தின் சாரம். சட்டம் வந்தபின் ஆர்வலர் தாமே அச்சிட்டு விற்கும் சிற்றேடுகள் இனி எதற்கு என வினவுவார் உளர்.

அன்னார் இலண்டனின் சாள்ற்றன் கழகத்து வரலாற்றை நோக்குக. 1985 இல் அக்கழகம் 'பள்ளத்தாக்கு' எனப் பெயரிய தன் மைதானத்தைத் துறந்து, அயற்கழகமொன்றின் அரங்கிலே ஒதுங்கியது. 1988 இல் ஆர்வலர், 'பள்ளத்தாக்கின் குரல்' எனப் பொருள்படும் ஏட்டைத் தொடங்கினர். சிதறிக்கிடந்த மனக்குறைகள் அதன்கண் ஒருமுகப்பட்டன. மீளுந் திட்டத்தைக் கிறீனிச் நகரசபை 1990 இல் மறுத்தது. உடனே ஆர்வலர் கட்சியமைத்துத் தேர்தலில் நின்றனர். ஆசனம் ஒன்றேனும் கிட்டவில்லை. ஆயினும் ஏறத்தாழ 15,000 வாக்குகள் கிடைத்தன. 1992 டிசெம்பரிற் கழகம் தன் மனை புகுந்தது.

வெற்றியிற் கைதட்டுதல் எவர்க்கும் எளிது. தான் நேசிக்குங் கழகத்தையே இடித்துரைத்தல் அன்புடையார்க்கே இயலும். ஆர்வலரைக் கேள் எனச் சட்டம் பணிக்கலாம். கேட்கத்தக்க கருத்தொன்றை அவரிடை ஆக்கிவைப்பது அச்சிற்றேடே.