லெபனானில் சீட்டுக் கேட்ட கொலை

லெபனான் தேசத்தில் 1975 முதல் 1990 வரை 15 வருஷ காலம் நடந்த உள்நாட்டுச் சண்டையில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கு. இதைப்பற்றி எழுதிய பத்திரிகைகள் பல, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெறுத்ததால் வந்த வினை என்று ஒரே வரியில் முடித்துவிட்டன. நாமும் பத்திரிகைக்காரர்கள்தான் என்றாலும், இந்த வியாக்கியானத்தை நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1975-ம் வருஷம் டிசம்பர் 6-ந் தேதி தலைநகராகிய பெய்ரூத்தில் என்ன நடந்தது? கத்தாயிப் என்னும் கிறிஸ்தவக் கட்சியைச் சேர்ந்த நால்வர் கொலையுண்டதற்குப் பழிவாங்க, அக்கட்சியின் ஆயுதக் கூட்டத்தார் வீதிகளை மறித்து, வருவோர் போவோரிடம் அடையாளச் சீட்டைக் கேட்டார்கள். சீட்டில் முஸ்லிம் என்று கண்டிருந்தால் கொலை. எதிர்த்தரப்பாரும் தங்கள் பங்குக்கு அதே வழியில் கிறிஸ்தவர்களைக் கொன்றார்கள். கூலிக்குப் போனவனும் கடைக்குப் போனவளும் செய்த குற்றம் என்ன? முகத்தைப் பார்த்து மதம் கண்டுபிடிக்க முடியாததால்தானே சீட்டைக் கேட்க வேண்டியிருந்தது? அச்சீட்டில் மதத்தை எழுதி வைத்தது யார்? சர்க்காரல்லவா?

ஏன் எழுதினார்கள் என்றால், அங்கு பதவியெல்லாம் மதப் பங்கு. ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர். பிரதம மந்திரி சுன்னி முஸ்லிம். சபாநாயகர் ஷியா முஸ்லிம். சட்டசபை ஸ்தானங்களோ அன்று கிறிஸ்தவருக்கு 6, முஸ்லிமுக்கு 5 என்ற வீதம். 1932-க்குப் பிறகு அங்கு சர்க்கார் ஜனக்கணக்கே எடுக்கவில்லை. எடுத்தால் பங்கு மாறிவிடும் என்கிற பயந்தான். வகுப்புவாரிப் பங்கையே நாம் குற்றம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒடுக்கப்பட்டவன் பங்கு கேட்பது வேறு. வந்த பங்கை விடாதிருக்கத் தலையெண்ணவே மறுப்பது வேறு.

பாலஸ்தீன அகதிகள் விஷயமும், சிரியா, இஸ்ரேல் படைகளும் சேர்ந்து தீயை வளர்த்தது உண்மையே. ஆனால் மதவெறுப்பு ஒன்றே காரணமென்றால், ஷியாக்களின் அமல், ஹிஸ்புல்லா என்ற இரு கட்சிகளும் 1988-ல் தங்களுக்குள்ளேயே கொன்றுகொண்டதேன்? 1990-ல் மரோனைட் தலைவர்கள் இருவரின் படைகள் ஒன்றையொன்று பீரங்கியால் சுட்டதேன்? தலைவர்களின் பதவிப் போட்டிக்கு மதம் ஒரு போர்வை.

நிற்க, சண்டை ஓய்ந்தபின் 1991-ல் மன்னிப்புச் சட்டம் ஒன்று செய்தார்கள். பாமர மக்களைக் கொன்றவர்களுக்கு மன்னிப்பு உண்டாம். அரசியல் தலைவர்களையும் மதத் தலைவர்களையும் கொன்றவர்களுக்கோ இல்லையாம்! உயிரிலும் மேல் கீழா? படை நடத்தியவர்களில் பலர் மந்திரிகளானார்கள். காணாமற் போனவர்கள் சுமார் 17,000 பேர் என்கிறார்கள். அவர்களுடைய தாய்மார், கிறிஸ்தவரும் முஸ்லிமுமாக, படத்தைக் கையில் ஏந்தி வீதியில் உட்கார்ந்தார்கள். தேடுவதற்கென்று ஒரு சட்டம் வரவே 2018 ஆயிற்று.

விரும்புகிறவர்கள் சர்க்கார் குடிப்பதிவிலிருந்து தங்கள் மதத்தை நீக்கிக்கொள்ளலாம் என்று 2009-ல் உத்தரவாயிற்று. ஒன்றரை லட்சம் பிணம் விழுந்தபின் வந்த புத்தி! உள்நாட்டுச் சண்டையைப்பற்றி எழுதுகிற பத்திரிகைக்காரர்கள், மாண்டவன் எந்த மதத்தான் என்பதோடு நிற்காமல், அதை அவன் சீட்டில் எழுதினவன் யார், அதனால் பிழைத்தவன் யார் என்பதையும் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.