கடலூர், சிதம்பரம் பகுதிகளில் கோடை இடியும் காற்றும் தீயும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்காள விரிகுடாவில் புயற்சின்னம் தோன்றினால் கடலூர்த் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. அதைக் கேள்வியுற்றதும் குடியானவர்கள் தத்தம் கூரையையும் வரப்பையும் வடிகாலையும் கவனிக்கத் தொடங்குகிறார்கள். 2011ஆம் வருஷம் டிசம்பர் 30ந் தேதி கரையேறிய 'தானே' புயல் பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததைக் கண்டவர்களுக்கு இவ்விஷயத்தில் வேறு போதனை வேண்டியதில்லை. ஆனால் சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை வேளையில் மேற்கேயிருந்து வரும் இடிமழைக்குக் கூண்டு ஏற்றுவாரில்லை. அது வருமுன் கிடைக்கும் அவகாசம் நாட்கணக்கிலன்று, நாழிகைக் கணக்கில்தான். கோடை மழையை உழவுக்கு வந்த வரமென்று கொண்டாடுவது நியாயமே. அதற்கு முன்னோடியாக வரும் காற்றையும் மின்னலையும் அலட்சியம் செய்வதுதான் பிசகு.

இந்திய வானிலைத் துறையார் வருஷந்தோறும் பிப்ரவரி மாதக் கடைசியை ஒட்டி, மார்ச்சு முதல் மே வரையிலான கோடைக்குரிய முன்கணிப்பை வெளியிடுகிறார்கள். வெப்பம் வழக்கத்துக்கு மிகுமா குறையுமா என்பதைப் பெரும் பிரதேசங்களுக்கு உத்தேசமாகக் கூறுவது அது. அதைப் படித்துவிட்டு, கடலூரை அடுத்த இராமாபுரத்து வாழைத்தோட்டம் எந்த மாலையில் சாயுமென்று அறிய விரும்புவது வீண் ஆசை. அதற்கு உதவுவது, ராடார்களைக் கொண்டு மேகத்தின் போக்கைப் பார்த்து, அடுத்த மூன்று மணி நேரத்துக்கென ஜில்லாவாரியாக விடுக்கப்படும் எச்சரிக்கையே. இக்காலத்தில் அது கைபேசிக்கே வந்து சேருகிறது. அதை வாசிப்பவர் அநேகர். வயலில் நிற்கும் ஆட்களுக்குச் சொல்லியனுப்புவோர் சிலரே.

இக்கரையோரத்தில் கோடைக்காலையில் நிலத்திலிருந்து மேல்காற்று வீசுகிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உட்புகுந்து வெயிலைத் தணிக்கிறது. மேல்காற்று பலத்திருக்கும் நாளில் கடற்காற்று தாமதிக்கும். அன்றுதான் வெப்பம் மிக உக்கிரமாயிருக்கும். உள்நாட்டில் கல்வராயன் மலைப்புறத்திலும் விருத்தாசலத்துக்கு மேற்கிலும் எழும் இடிமேகங்கள் மாலையில் கிழக்கு நோக்கி நகர்வதுண்டு. மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி கீழேயுள்ள வறண்ட காற்றில் ஆவியாகிவிட, அதனாற் குளிர்ந்து கனத்த காற்று தரையில் மோதி நாற்புறமும் பாய்கிறது. முதல் துளி விழுமுன் புழுதி கிளம்புவதன் காரணம் இதுவே. குலை தள்ளிய வாழை தலைப்பாரத்தால் இக்காற்றுக்குத் தாங்காது. குலை வெளிவந்த உடனே சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்துக் கட்டுவதே முறை. வானம் கறுத்தபின் கழி தேடிப் பயனில்லை. நெல் தரிசில் விளைந்த உளுந்தைப் பிடுங்கிக் களத்தில் போட்டிருப்பவர்கள் மூடுவதற்குத் தார்ப்பாயைக் கைவசம் வைத்திருத்தல் நலம்.

தீயின் விஷயம் இதைக்காட்டிலும் கவலைக்குரியது. இயந்திரத்தால் அறுவடை செய்த வயல்களில் தாளையும் வைக்கோலையும் கொளுத்திவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. கரும்பு வெட்டிய கொல்லையில் சோகையைக் கொளுத்துவோரும் உண்டு. மண்ணுக்குச் சேரவேண்டிய சத்து இதனால் வீணாவது ஒருபுறமிருக்க, அபாயம் காற்று திரும்புவதில் இருக்கிறது. காலையில் மேல்காற்றை நம்பி, தீ கிழக்கேயுள்ள வாய்க்காலோடு நின்றுவிடுமென்று வைக்கிறார்கள். நண்பகலில் கடற்காற்று புகுந்ததும் அதுவரை நீண்ட பக்கமாக எரிந்துகொண்டிருந்த வரிசை முழுவதும் தீயின் முகமாக மாறி, மேற்கேயுள்ள வைக்கோற்போரையும் கூரைவீட்டையும் நோக்கி ஓடுகிறது. மாலையில் இடிமேகக் காற்று வந்தால் மறுபடியும் திசை மாறும். அணைந்ததென்று விட்டுவந்த கங்குகூட அப்போது உயிர் பெற்றுவிடும். 2018ஆம் வருஷம் மார்ச்சு 11ந் தேதி தேனி ஜில்லாக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலூர் ஜில்லாவின் முந்திரித் தோப்புகளில் அத்தகைய செங்குத்துச் சரிவு இல்லையெனினும், காய்ந்த சருகுக்கும் திரும்பும் காற்றுக்கும் குறைவில்லை. தோப்பின் எல்லையோரமாகச் சருகைக் கூட்டி அகற்றி வெறுந்தரையாக வைத்தல் பெருஞ்செலவன்று. சித்திரை, வைகாசியில் வயலில் தீ வைப்பதை அறவே விடுவதுதான் உத்தமம். கிராம அலுவலர் இதில் தாட்சிணியம் பாராட்டலாகாது. தீ அண்டை அயலாரின் சர்வே எண் பார்த்துப் பரவுவதில்லை.

மின்னலால் நேரும் சாவு பெரும்பாலும் ஏழைக் கூலியாட்களுக்கே நேர்கிறது. 2025ஆம் வருஷம் அக்டோபர் மாதம் வேப்பூரை அடுத்த கழுதூரில் மக்காச்சோள வயலில் வேலை செய்த பெண்கள் நால்வர் இடி விழுந்து இறந்தனர். அது துலாமழைக் காலமாயினும் கோடையிடிக்கும் விதி அதுவே. மின்னலைக் கண்டபின் முப்பது எண்ணுவதற்குள் இடியோசை கேட்டால் மேகம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறதென்று பொருள். உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி கழியும் வரை வெளிவரலாகாது. தனிமரத்தடியும் சுவரில்லாத கொட்டகையும் புகலிடமாகா. இவையெல்லாம் ஆட்களுக்குத் தெரியாதவையல்ல. நடவையோ களையெடுப்பையோ பாதியில் விட்டுக் கரையேறினால் கூலி குறையுமென்ற அச்சமே அவர்களை வயலில் நிறுத்துகிறது. ஆகையால் இடிக்காக நின்ற நேரத்துக்குக் கூலி பிடிப்பதில்லையென்று நிலச்சொந்தக்காரர்கள் கோடை தொடங்குமுன்பே ஆட்களிடம் சொல்லிவிட வேண்டும். எச்சரிக்கை வந்தவுடன் கோயில் ஒலிபெருக்கியிலோ தண்டோராவாலோ அறிவிக்கக் கிராம அலுவலர் ஒருவரைக் குறித்து வைக்கலாம். சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் வரையில், கூப்பிடு தூரத்தில் ஒரு கட்டடமும் இல்லாத வெளிகள் பலவுண்டு. அங்கே ஆட்களை அனுப்புவோர் எச்சரிக்கையுள்ள நாட்களில் விடியற்காலையில் வேலையைத் தொடங்கி உச்சிப்பொழுதுக்குள் முடித்து அனுப்பிவிடலாம்.